பழைய டெம்போவும் கரண்ட் வண்டியும்

பழைய டெம்போவை விற்றுவிடுவது என்று பேசி முடித்த பிறகுதான் நாங்கள் மின்சார வண்டியை வாங்கினோம். இதை இன்றைக்கும் நான் அழுத்திச் சொல்வேன். என் கணவரைக் கேட்டால் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று சாதிக்க மாட்டார். "பேசனோம், ஆனா அப்ப நெலம வேற" என்பார். அந்த "நெலம வேற" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

நான் ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்க்கிறேன். செய்து முடித்த பாகங்களை எந்த வண்டியில் ஏற்றி எந்தத் தொழிற்சாலைக்கு எப்போது அனுப்புவது என்பது எங்கள் பிரிவின் பொறுப்பு. பெரும்பாலான சரக்கு கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கம் போகும். என் கணவர் அந்த வழியில் சொந்த டெம்போ ஓட்டுகிறவர். ஒரு டிரான்ஸ்போர்ட்காரரிடம் வண்டியை விட்டிருந்தார். அதே டிரான்ஸ்போர்ட்காரர்தான் எங்கள் கம்பெனிக்கும் வண்டி அனுப்புகிறவர். அதனால் என் கணவரின் வண்டிக்கு டிரிப் போடும் வேலை மட்டும் என்னிடம் வராது. பக்கத்து மேஜைக்காரர் போடுவார். ஆரம்பத்தில் இது எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு நிம்மதியாகிவிட்டது. வீட்டில் வண்டியைப் பற்றிச் சண்டை போட்டாலும் ஆபீசில் போட வேண்டியதில்லை.

எங்கள் வீடு ஜூஜுவாடியில், நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. மாடியில் துணி காயப் போட்டால் வண்டிப் புகையின் கரியை உதறித்தான் மடிக்க வேண்டும். வெள்ளைத் துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்துவேன். இந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான். யாரும் இதைக் குறையாகச் சொல்வதில்லை, ஏனென்றால் அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளை நம்பித்தான் தெருவில் பாதிப் பேர் சாப்பிடுகிறோம்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். சுற்றுச்சூழல் பிரிவுக்குப் புதிதாக வந்தவர். பயிற்சி அறையில் எங்களையெல்லாம் உட்கார வைத்துத் திரையில் ஒரு படம் போட்டார். அதில் இரண்டு கோடுகள். ஒன்று கம்பெனி அனுப்பும் சரக்கு, இன்னொன்று அந்தச் சரக்கைச் சுமக்கும் வண்டிகள் விடும் கரியமில வாயுப் புகை. இதுவரை இரண்டும் கைகோத்துக்கொண்டு மேலே ஏறியிருந்தன. இனிமேல் சரக்குக் கோடு ஏற வேண்டும், புகைக் கோடு இறங்க வேண்டும் என்றார் அவர். வளர்ச்சியையும் புகையையும் பிரித்துவிடலாம், வெளிநாட்டில் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள், ஓசூரிலும் முடியும் என்றார். வண்டிகளின் டீசல் கணக்கையும் கிலோமீட்டர் கணக்கையும் தொகுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

நான் அவரை முழுமனதாக நம்பினேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மாடியில் துணி உதறுகிற எவளும் நம்பியிருப்பாள். மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு நிரந்தரமாக ஒரு வழித்தடம் கொடுக்கப் போகிறோம் என்று அவர் சொன்னதும் எனக்கு வீட்டு ஞாபகம்தான் வந்தது.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"கரண்ட் வண்டியா? லோடு ஏத்திக்கினு மேம்பாலம் ஏறுமா அது?"

"ஏறுமாம்."

"யாரு சொன்னா?"

"கம்பெனில சொன்னாங்க."

"கம்பெனிக்குள்ள மேம்பாலம் இல்லியே."

ஆனாலும் விசாரித்தார். பொம்மசந்திராவில் அப்படி ஒரு வண்டி ஓட்டுகிறவரைப் பிடித்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நடை போய்வந்தார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. நான் அப்போது என் நிபந்தனையைச் சொன்னேன். ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும். புதியது வந்த பிறகும் பழையது ஓடுமானால் எனக்கு அந்தப் புதியதே வேண்டாம்.

"ரெண்டு வண்டி நிறுத்த எடம் எங்க இருக்குது?" என்றார் அவர். "வித்துடலாம். பாகலூர்ல ஒருத்தரு கேட்டுக்கினே இருக்கறாரு, கோசு லோடு அடிக்கறதுக்கு."

அந்தப் பாகலூர்க்காரரும் முட்டைக்கோசை அந்த டெம்போவில்தான் ஏற்றப் போகிறார், அதே புகையைத்தான் விடப் போகிறார் என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை. எங்கள் வாசலைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தேன்.

கரண்ட் வண்டி வந்தது. அவர் அதை அப்படித்தான் சொன்னார், தெருவும் அப்படியே சொன்னது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கம்பெனி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். தலைமை அலுவலகத்து அதிகாரி வந்து பச்சை ரிப்பன் வெட்டினார். என்னையும் கணவரையும் வண்டிக்கு இரண்டு பக்கமும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் இப்போதும் எங்கள் கம்பெனி வரவேற்பறையில் தொங்குகிறது. நான் அதைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

வீட்டில் தனி மின் இணைப்பு வருவதற்கு நாளாகும் என்பதால் கம்பெனி வளாகத்திலேயே சார்ஜ் போட அனுமதி கொடுத்தார்கள். ஒருநாள் மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனேன். எங்கள் வண்டி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சுவருக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாயிலிருந்து வந்த புகை கரண்ட் வண்டி என்பதற்காக எங்கள் வண்டிக்குக் கொடுத்திருந்த பச்சை நம்பர் பலகை மேலேயே இறங்கியது.

பராமரிப்புப் பிரிவுக்காரரைத் தேடிப் போய், "கரண்ட் இல்லாதப்ப இந்த சார்ஜரை நிறுத்தக் கூடாதா சார்?" என்று கேட்டேன்.

"வண்டி மூணு மணிக்குப் பொறப்படணும்னு உங்க டிபார்ட்மென்ட்தான மேடம் எழுதிக் குடுத்திருக்குது" என்றார் அவர்.

உண்மைதான். டிரிப் போட்டது பக்கத்து மேஜைக்காரர், ஆனால் எழுதிக் கொடுத்தது எங்கள் பிரிவுதான். திரும்பி வந்தேன்.

இருந்தாலும் அந்த முதல் சில மாதங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கணவர் வேலை முடிந்து வந்து முதுகைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்வது நின்றுபோயிற்று. "காது சும்மா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகும் சத்தம் போட்டுத்தான் பேசுவார். இப்போது மெதுவாகப் பேச ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு தொரப்பள்ளி வரைக்கும் சும்மா போய்வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு அமைதி. கண்ணாடியில் மழை விழும் சத்தம் கேட்டது. இருபது வருஷமாக இவரோடு வண்டியில் போகிறேன், மழைச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். டெம்போவை ஒரு பழைய தார்ப்பாயால் மூடி, பக்கத்துக் காலி மனையில் நிறுத்தியிருந்தார். பாகலூர்க்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

பிறகுதான் நிலைமை வேறானது.

எல்லைக்கு அந்தப் பக்கம் எங்களிடம் பாகம் வாங்கும் தொழிற்சாலையில் உற்பத்தியைக் கூட்டினார்கள். கூட்டியது மட்டுமல்ல, இனிமேல் கிடங்கில் சரக்கு அடுக்கி வைக்க மாட்டோம், அடுத்த ஷிப்டுக்கு வேண்டியதை மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். முன்பு ஒரு வண்டி நிறைய ஏற்றி அனுப்பிய சரக்கை இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து அனுப்ப வேண்டும். நீலப் பிளாஸ்டிக் பெட்டிகள் வண்டியின் பாதி வரைக்கும்தான் இருக்கும். மிச்ச இடத்தில் காற்றை ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளி நெரிசலில் நின்று நின்று போய், காலிப் பெட்டிகளோடு திரும்பி வரும். எங்கள் கம்பெனியிலும் புதிதாக ஒரு உற்பத்தி லைன் போட்டார்கள். இனிப்பு கொடுத்தார்கள். டிரான்ஸ்போர்ட்காரரிடம் இன்னும் வண்டி வேண்டும் என்று கேட்டார்கள்.

டிரான்ஸ்போர்ட்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். காபியை வாங்கிக்கொண்டு காலி மனைப் பக்கம் பார்த்தார்.

"அக்கா, ஊருல வண்டியே கெடைக்கல. அந்த டெம்போ சும்மாதான நிக்குது?"

"அது விக்கப் போறோம்" என்றேன்.

"விக்கற வரைக்கும் ஓடட்டுமே. நின்னா துருப் புடிக்கும்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர்கள் இருவரும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். என்னிடம் கேட்பது மரியாதைக்கு.

அடுத்த வாரம் தார்ப்பாயை எடுத்தார்கள். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆளைக் கணவர் டிரைவராகப் போட்டார். முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். கிருஷ்ணகிரிப் பக்கம் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு வார்ப்பாலையிலிருந்து வார்ப்புகளை ஓசூருக்கு ஏற்றிவரும் வேலை அவருக்கு. அந்த வார்ப்புகளைக் கடைந்து, துளை போட்டுத்தான் நாங்கள் பிரேக் பாகம் செய்கிறோம். ஆக, எங்கள் வீட்டு இரண்டு வண்டிகளும் ஒரே கம்பெனிக்குத்தான் ஓடின. ஒன்று பச்சை நம்பர் பலகையோடு முன்வாசல் வழியாக. இன்னொன்று பின்வாசல் வழியாக.

அன்று வீட்டில் நடந்த சண்டை எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது.

"வித்துடலாம்னு சொன்னீங்க."

"தெனம் ஓடற வண்டிய எவனாச்சும் விப்பானா?"

"அப்ப புதுசு எதுக்கு வாங்கனோம்?"

"அதுவும் ஓடத்தான்."

"பொகைய கொறைக்கணும்னு வாங்கனோம்."

"பொகையா? லோடு கூடிப்போச்சும்மா. நான் மாட்டன்னு சொன்னா வேற எவனோ ஒருத்தன் இதவிட மட்டமான வண்டிய உடுவான். அத நீ தடுத்துடுவியா?"

கோபம் வந்தால் அவர் தெலுங்குக்குப் போய்விடுவார். அவருடைய அம்மா வீட்டு மொழி. நான் தமிழிலேயே நிற்பேன். அப்புறம் இரண்டு பேரும் இரண்டு மொழியில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டோம். அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்கு அதிகக் கோபத்தைக் கொடுத்தது.

சில மாதம் கழித்து, உறவில் ஒரு கல்யாணத்துக்காக நான் கிருஷ்ணகிரி போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ் மேலுமலை ஏற்றத்தில் வேகம் குறைந்து, ஊர்ந்து போக ஆரம்பித்தது. முன்னால் ஒரு வண்டி கனமான லோடோடு திணறிக்கொண்டு ஏறியது. அதைத் தாண்ட முடியாதபடி வலது பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி. அந்தச் சின்ன வண்டி கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கன்னங்கரேலென்று புகை கிளம்பி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ஆளாளுக்கு ஜன்னலை இழுத்து மூடினார்கள். சில ஜன்னல்கள் மூடவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் குழந்தையின் முகத்தைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

"இவனுங்களுக்கெல்லாம் வீட்டுல கொழந்த குட்டி இருக்காதா?" என்றாள் என்னிடம்.

வளைவில் வண்டி கொஞ்சம் ஒதுங்கியபோது அதன் பின்பக்கம் தெரிந்தது. கதவில் ஒட்டுப்போட்ட தகரம். அந்தத் தகரத்தை வைத்துப் பற்றவைத்த அன்று நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்திருக்கிறேன். எங்கள் டெம்போ.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைப்போலவே உட்கார்ந்திருந்தேன். பஸ் ஒருவழியாக அதைத் தாண்டியது. தாண்டும்போது எங்கள் டிரைவர் தெரிந்தார். இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து, வண்டியோடு சேர்ந்து அவரும் மலை ஏறுவதுபோல உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. சூளகிரி வருவதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

வருஷ முடிவில் தலைமை அலுவலகத்து அதிகாரி மறுபடியும் வந்தார். பயிற்சி அறையில் மறுபடியும் திரை. நான் தொகுத்துக் கொடுத்த கணக்கை வைத்துத்தான் படம் போட்டிருந்தார். சரக்குக் கோடு ஏறியது. புகைக் கோடு இறங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. நான் கொடுத்த கணக்கில் புகை இறங்கவே இல்லை.

நன்றாகப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவர் போட்டிருந்தது ஒரு பாகத்துக்கு எவ்வளவு புகை என்ற கணக்கு. பாகங்கள் ஏகத்துக்கும் கூடியிருந்ததால் ஒன்றின் பங்கு குறைந்திருந்தது. கணக்கில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மொத்தமாகக் கூட்டினால் போன வருஷத்தைவிட அதிகம்.

நான் எழுந்து கேட்டேன். கூட்டத்தில் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

"சார், மொத்தமா பாத்தா கூடியிருக்குதே."

"உண்மைதான் மேடம்" என்றார் அவர், மறைக்கவில்லை. "வளர்ச்சி இருக்கும்போது மொத்தம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். நாம பார்க்க வேண்டியது ஒரு யூனிட்டுக்கு எவ்வளவுங்கறத."

"அப்ப போன தடவ பிரிக்கணும்னு சொன்னது?"

"படிப்படியாத்தான் பிரியும்."

"கிருஷ்ணகிரியிலேர்ந்து வார்ப்பு ஏத்திக்கினு வர்ற வண்டி இதுல இல்லியே சார். அதுவும் நம்ம சரக்குதான?"

"அது சப்ளையரோட கணக்குல வரும் மேடம். நம்ம கணக்குல வராது."

நான் உட்கார்ந்துவிட்டேன். மேலுமலையில் என் மூக்கில் ஏறிய புகைக்கு எந்தக் கணக்கிலும் இடம் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. அந்த வார்ப்பாலைக்காரர்களும் வண்டி தங்களுடையது அல்ல, டிரான்ஸ்போர்ட்டுடையது என்று சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. தேநீர் நேரத்தில் என்னைத் தேடி வந்தார். "உங்ககிட்ட ஏதாவது யோசனை இருந்தா சொல்லுங்க, செஞ்சு பார்ப்போம்" என்றார். என்னிடம் யோசனை இருந்தது. ரொம்ப நாளாகவே இருந்தது.

எங்கள் சுற்றுச்சுவரை ஒட்டி இன்னொரு கம்பெனி இருக்கிறது. ரப்பர் சாமான்கள் செய்கிறார்கள். அவர்களும் எல்லைக்கு அப்பால் அதே தொழிற்சாலைக்குத்தான் அனுப்புகிறார்கள். அவர்களுடைய வண்டியும் பாதி காலியாகத்தான் போகிறது. இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, ஒரே நெரிசலில் நின்று, ஒரே வாசலில் நுழைகின்றன. இரண்டு சரக்கையும் ஒரே வண்டியில் ஏற்றினால் என்ன? அதுதான் என் யோசனை.

அனுமதி வாங்கவே நாளானது. எங்கள் பாகத்தை அவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். அவர்களுக்கும் அதே பயம். கடைசியில், சோதனையாகச் செய்யலாம், எங்கள் கரண்ட் வண்டியிலேயே செய்யலாம் என்றார்கள். அந்தக் கம்பெனியின் டெஸ்பாட்ச் பொறுப்பாளர் ஆனேக்கல்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். தினமும் காலையில் போன் செய்வார். "மேடம், நம்முது இவ்வளோதான், உங்குளுது எவ்வளோ?" என்பார். நான் சொல்வேன். "சரி ஆயித்து, சேர்த்து அனுப்பலாம்" என்பார்.

வண்டி நிறைந்து போனது. உண்மையாகவே நிறைந்து. கதவைச் சாத்தும்போது உள்ளே இருட்டில் நீலப் பெட்டியும் அவர்களுடைய மஞ்சள் பெட்டியும் கூரை வரைக்கும் நெருக்கமாக நிற்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். கணவர்கூடச் சொன்னார், "இப்பதான் வண்டி ஓட்டற மாதிரி இருக்குது. பாதி லோடுல போறது பாதி வயித்துல போற மாதிரி." ரப்பர் கம்பெனிக்கு அதே டிரான்ஸ்போர்ட்காரர் விட்டிருந்த டீசல் வண்டிக்கு வேலை இல்லாமல் போனது. அந்த வாரம் டிரான்ஸ்போர்ட்காரர் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை, மேடம் என்றார்.

பிறகு ஒருநாள் அத்திப்பள்ளி அருகே ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து சாலை அடைபட்டுப் போயிற்று. எங்கள் வண்டியும் மாட்டிக்கொண்டது. யாருடைய வண்டியும் போகாத நாள் அது. ஆனால் வாங்குகிற தொழிற்சாலையில் ஒரே நேரத்தில் பிரேக் பாகமும் இல்லை, ரப்பர் சாமானும் இல்லை என்று லைன் நின்றுவிட்டது. மறுநாள் காலையில் எங்கள் மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"நல்ல யோசனைதாம்மா. ஆனா ரிஸ்க் அதிகம். தனித்தனியா அனுப்பிடுங்க."

"தனியா அனுப்பியிருந்தாலும் ரெண்டும் அதே எடத்துலதான் சார் நின்னிருக்கும்."

"தெரியும். ஆனா அப்ப நம்மள யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

ஆனேக்கல்காரருக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். அவருக்கு அதற்குள் அவருடைய மேலாளர் சொல்லியிருந்தார். "ஆகல்ல மேடம்" என்றார். முடியாது என்று அர்த்தம். அன்று எங்கள் வண்டி பாதி லோடோடு கிளம்பியது. அதற்குப் பின்னால் அவர்களுடைய வண்டி பாதி லோடோடு கிளம்பியது. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என் பக்கத்து மேஜைக்காரர், "விடுங்க மேடம், நமக்கு என்ன" என்றார். அவர்மேல் வந்த கோபத்தில் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. பாவம், அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

இதற்கு நடுவில் டெம்போ விற்றுப்போனது. நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு, தானாகவே நடந்தது. வாங்கியது பாகலூர்க்காரர் இல்லை, எங்கள் டிரைவர். மனைவியின் நகையை வைத்து, ஊரில் உறவுக்காரர்களிடம் கைமாற்று வாங்கி, சொந்த வண்டிக்காரர் ஆகிவிட்டார். ஒரு காலையில் மனைவியோடு வீட்டுக்கு வந்து மைசூர்பாகு கொடுத்தார். அதிகம் பேசாத அந்த மனிதர் அன்று பேசினார்.

"உங்க புண்ணியம்மா. இதுக்கு மேல நான் யாருகிட்டயும் கைகட்டி நிக்கத் தேவையில்ல."

அவருடைய மனைவி வண்டியின் முன்கண்ணாடியில் மஞ்சள் குங்குமம் வைத்தாள். நான் நன்றாக இருங்கள் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் வண்டியைக் கிளப்பியபோது எங்கள் வாசல் முழுக்கப் புகை நிறைந்தது. மாடியில் பக்கத்து வீட்டுத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

அவர் போன பிறகு கணவர் கேட்டார். "சந்தோசமா இப்ப? வித்தாச்சு."

"எங்க ஓட்டப் போறாராம்?"

"வேற எங்க? அதே கிருஷ்ணகிரி லைன்தான்."

"அப்ப என்ன மாறிச்சு?"

"நம்ம வண்டி இல்ல இப்ப அது" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. பயிற்சி அறையில் அந்த அதிகாரி சொன்ன பதிலையே இவர் தன் வாயால், அந்தக் கூட்டத்துக்கு வராமலேயே சொல்கிறார். சிரித்து முடித்ததும் அழுகை வரும்போல இருந்தது. உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் வந்து, துலக்கிய பாத்திரங்களை எடுத்து அடுக்கினார். வழக்கமாக அவர் அதைச் செய்ய மாட்டார்.

"நான் என்ன பண்ணட்டும் சொல்லு" என்றார். "என் வண்டிய நான் மாத்திட்டன். ஊர மாத்தச் சொன்னா நான் எங்க போவட்டும்?"

இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

தலைமை அலுவலகத்து அதிகாரி வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். கணக்குத் தொகுக்கும் வேலையை இப்போது ஒரு மென்பொருள் செய்கிறது. என் கையில் மிச்சம் இருப்பது டெஸ்பாட்ச் மட்டும்தான். கம்பெனியில் இன்னொரு லைன் போடப் போகிறார்கள் என்று பேச்சு. கணவர் இரண்டாவதாக ஒரு கரண்ட் வண்டி பார்த்துவைத்திருக்கிறார். வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். வாங்குங்கள் என்றேன். நிபந்தனை எதுவும் போடவில்லை. போட்டு என்ன கண்டேன்?

ஒன்று மட்டும் பழக்கமாகிவிட்டது. காலையில் பாதி லோடுக்கு ஒரு வண்டி கேட்டுத் துண்டுச் சீட்டு வந்தால் நான் உடனே கையெழுத்துப் போடுவதில்லை. உற்பத்திப் பிரிவுக்குப் போன் செய்து, அடுத்த லோடு எப்போது தயாராகும், இரண்டையும் சேர்த்து அனுப்பினால் அந்தப் பக்கம் லைன் நிற்குமா என்று கேட்கிறேன். பெரும்பாலும் நிற்கும் என்கிறார்கள். சில நாள் நிற்காது என்கிறார்கள். உற்பத்திப் பிரிவின் சூப்பர்வைசருக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது.

நேற்றுக்கூட அவர் நேரில் வந்துவிட்டார். "மேடம், ஒரு வண்டிக்கு ஏன் இத்தினி கேள்வி கேக்கறீங்க?"

"ரெண்டும் பத்து நிமிச வித்தியாசத்துல பொறப்படுது சார். ஒண்ணா போவட்டுமே."

"டிரான்ஸ்போர்ட் காசு உங்க பையிலேர்ந்தா போவுது?"

"காசுக்குச் சொல்லல."

"வேற எதுக்கு?"

எதற்கு என்று சொல்ல ஆரம்பித்தால் பாதி நாள் ஆகும். சீட்டை மேஜைமேல் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பத்து நிமிஷம் கழித்து இரண்டாவது லோடு வந்தது. இரண்டும் ஒரே வண்டியில் ஏறின. காத்திருந்த இன்னொரு டீசல் வண்டியின் டிரைவர் என்னை முறைத்துவிட்டு, வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

இன்றைக்குக் காலையில் மறுபடியும் இரண்டு சீட்டு வந்தது. இன்று சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.